ழான்-பப்டிஸ்ட் புஸ்ஸானும் மனநலச் செவிலியத்தின் தொடக்கமும்

ழான்-பப்டிஸ்ட் புஸ்ஸான் (1745–1811) பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளர் பிரிவின் காப்பாளராக இருந்தவர். மருத்துவம் படித்தவர் அல்லர். தோல் பதனிடும் தொழிலாளியாக இருந்து, நோயாளியாக அந்த மருத்துவமனைக்குள் வந்து, குணமான பின் அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர். தம் பொறுப்பில் இருந்த நோயாளர்களைப் பணியாட்கள் அடிப்பதைத் தடை செய்தார். 1797-இல் அவர்களைப் பிணைத்திருந்த சங்கிலிகளை அகற்றினார். மனநோயாளரின் சங்கிலியை உடைத்தவர் என்ற பெயர் உலகெங்கும் மருத்துவர் பிலிப் பினெலுக்கே வழங்கப்பட்டது. செவிலியப் பாடநூல்கள் பலவும் இன்றுவரை அப்படியே எழுதி வருகின்றன. பினெலின் சொந்த நூலே வேறு விதமாகச் சொல்கிறது.

பிசேத்ர்

பிசேத்ர் பாரிசுக்குத் தெற்கே ஒரு மேட்டில் அமைந்த பெரிய வளாகம். 1656-இல் பிரெஞ்சு அரசு ஏழைகளையும் நாடோடிகளையும் அடைத்து வைப்பதற்காக ஏற்படுத்திய 'பொது மருத்துவமனை' அமைப்பின் ஆண்கள் பிரிவாக அது ஆனது. பெண்களுக்கு சால்பெத்ரியேர் ஒதுக்கப்பட்டது. மருத்துவமனை என்ற பெயர் இருந்தாலும் பிசேத்ர் பாதி சிறை, பாதி அன்னசத்திரம். முதியோர், ஆதரவற்ற சிறுவர், பால்வினை நோயாளர், தண்டனைக் கைதிகள், மனநோயாளர் எனப் பலரும் ஒரே மதிலுக்குள் இருந்தனர். 1792 ஏப்ரலில் கில்லட்டின் கருவியை முதன்முதலாகப் பிணங்களின் மீது சோதித்துப் பார்த்ததும் இங்கேதான். அதே ஆண்டு செப்டம்பரில் சிறைகளுக்குள் புகுந்து நடத்தப்பட்ட படுகொலைகளில் பிசேத்ரும் தப்பவில்லை.

மனநோயாளர் பிரிவில் ஏறத்தாழ 200 ஆண்கள் இருந்தனர். பெரும்பாலோர் ஏழைகள். நகரின் பழைய மருத்துவமனையான ஓத்தெல்-தியூவில் இரத்தம் வடித்தல், பேதிக்குக் கொடுத்தல் போன்ற சிகிச்சைகளைப் பெற்று, 'தீராதவர்' என முத்திரை குத்தப்பட்டு இங்கே அனுப்பப்பட்டவர்கள் இவர்களில் மிகுதி. தீராத நோய்க்கு மருத்துவர் எதற்கு என்பது நிர்வாகத்தின் கணக்கு. ஆகவே அன்றாடப் பொறுப்பு முழுவதும் காப்பாளரிடமும் அவருக்குக் கீழ்ப்பட்ட பணியாட்களிடமுமே இருந்தது. கூழ் ஊற்றுவது, வைக்கோல் மாற்றுவது, சண்டையை விலக்குவது, முரண்டு பிடிப்பவரைச் சங்கிலியில் பூட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. கூலி குறைவு, வேலை இழிவானது என்ற எண்ணம் நிலவியது. நல்ல ஆட்கள் வரமாட்டார்கள்.

நோயாளியாக வந்தவர்

புஸ்ஸான் கிழக்கு பிரான்சின் லோன்-லெ-சோனியே ஊரைச் சேர்ந்தவர். பாரிசுக்குப் பிழைக்க வந்த இடத்தில் கண்டமாலை நோய் கண்டது. கழுத்துக் கழலைகள் வீங்கிப் புண்ணாகும் இந்நோய்க்கு அன்று மருந்தில்லை. ஓத்தெல்-தியூவில் அவரும் 'தீராதவர்' ஆனார். 1771-இல் பிசேத்ருக்கு அனுப்பப்பட்டார். ஆனால் நோய் தணிந்தது. வெளியே போக வேண்டியவர் போகவில்லை. மருத்துவமனைக்குள் சிறு வேலைகள் செய்து, சிறுவர் பிரிவில் பொறுப்பேற்று, 1780-களின் நடுவில் மனநோயாளர் கூடத்தின் காப்பாளரானார். 1786-இல் மார்கரீத் ஜுப்லின் என்பவரை மணந்தார். இருவரும் வளாகத்திலேயே குடியிருந்தனர்.

தீராதவர் என்று எழுதி அனுப்பப்பட்டவர் தீர்ந்து எழ முடியும் என்பதற்குப் புஸ்ஸானே சாட்சி. இதைப் பற்றி அவர் எங்கும் விளக்கி எழுதவில்லை. ஆனால் அவர் ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறையில் அது தெரிகிறது.

அடிக்கக் கூடாது என்ற விதி

சங்கிலியைவிட முந்தியது அடி. கூடத்தில் பணியாட்கள் தடியும் கையுமாக இருந்தனர். நோயாளி திட்டினால் அடி, உணவைக் கொட்டினால் அடி. புஸ்ஸான் கொண்டுவந்த முதல் மாற்றம், நோயாளி கைநீட்டினாலும் பணியாள் திருப்பி அடிக்கக் கூடாது என்ற விதி. மீறியவர் தண்டிக்கப்படுவார்.

பணியாட்கள் எதிர்த்துக் கிளம்பினர். திருப்பி அடிக்க முடியாவிட்டால் எங்கள் உயிருக்கு என்ன காப்பு என்பது அவர்கள் கேள்வி. இதைப் புஸ்ஸானே தம் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். அந்தக் கேள்வியை அற்பமானது எனத் தள்ளிவிட முடியாது. ஆவேசம் கொண்ட நோயாளியின் அருகில் வெறுங்கையுடன் நிற்பவரின் அச்சம் உண்மையானது. இருநூறு ஆண்டுகள் கழிந்தும் மனநல வார்டுகளில் பணிபுரிவோர் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஆனாலும் புஸ்ஸான் விட்டுக்கொடுக்கவில்லை. அடங்காத பணியாட்களை நீக்கினார்.

அவர்கள் இடத்தில் யாரை அமர்த்துவது? குணமானவர்களையும் குணமாகி வருபவர்களையும் தேர்ந்தெடுத்தார். நேற்றுவரை அதே வைக்கோலில் கிடந்தவர்கள் அவர்கள். அடி எப்படி வலிக்கும், எந்தச் சொல் ஆத்திரமூட்டும், எப்போது ஒருவரைத் தனியே விட வேண்டும் என்பதை அறிந்தவர்கள். இத்தகையோர் மென்மையானவர்கள், கொடுமையை வெறுப்பவர்கள், சொன்ன சொல்லைக் கேட்பவர்கள் என்று பினெல் பின்னர் பாராட்டி எழுதினார். வேலை அவர்களுக்கும் மருந்தாயிற்று. வெளியுலகில் ஏற்க ஆளில்லாத ஒருவருக்குக் கூலியும் பொறுப்பும் கிடைத்தன. நோயிலிருந்து மீண்டவர் மற்றொருவருக்குத் துணை நிற்பதை இன்று மனநலத் துறையில் 'சக துணையாளர்' பணி என்று அழைக்கிறார்கள். புஸ்ஸானுக்கு அது ஆள் பற்றாக்குறைக்குக் கண்ட வழியும்கூட.

ஆயுதம் ஏந்தி நிற்கும் நோயாளியை அடிக்காமல் எப்படி அடக்குவது என்பதற்கும் ஒரு முறை உருவாயிற்று. காப்பாளர் முன்னே நின்று, கண்ணைப் பார்த்து, உறுதியான குரலில் பேசியபடி மெல்ல நெருங்குவார். நோயாளியின் கவனம் முழுவதும் அவர் மீது இருக்கும்போது பணியாட்கள் பக்கவாட்டிலும் பின்புறமும் வந்து, ஆளுக்கொரு கையையோ காலையோ பற்றுவார்கள். காயமின்றித் தூக்கிச் சென்று அறையில் விடுவார்கள். எவருக்கு எந்த இடம் என்பது முன்பே தெரிந்திருக்கும். பினெல் தம் நூலில் இதை ஓரளவு விரிவாகவே விவரிக்கிறார்.

மார்கரீத்

புஸ்ஸானின் மனைவியைப் பற்றிக் கிடைக்கும் செய்திகள் குறைவு. அவருக்கு வேலை இருந்தது. தனிப் பெயர் இல்லை. 'புஸ்ஸான் அம்மையார்' என்றே நூல்களில் வருகிறார். உணவை மறுத்த ஒரு நோயாளியிடம் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பினெல் நேரில் பார்த்து எழுதியுள்ளார். நோயாளி கோபத்தில் இருக்கிறார், தட்டைத் தொடவில்லை. அம்மையார் அவர் முன் குதித்து ஆடுகிறார், வேடிக்கையாகப் பதில் சொல்கிறார். நோயாளி சிரித்துவிடுகிறார். அந்த நொடியைப் பயன்படுத்தி ஊட்டிவிடுகிறார். பட்டினியால் சாக இருந்தவர் பிழைத்தார்.

பின்னாளில் மனநலச் செவிலியத்தில் நோயாளியோடு ஏற்படுத்தும் உறவைப் பற்றிப் பல கோட்பாடுகள் எழுந்தன. அவற்றுக்கு முன்னோடியாக ஒரு காட்சியைக் காட்ட வேண்டுமானால், சங்கிலி உடைக்கும் காட்சியைவிட இந்தத் தட்டும் சிரிப்பும் பொருத்தமானவை.

பினெலின் வருகை

பிலிப் பினெல் 1793-இல் பிசேத்ரின் மருத்துவராக அமர்த்தப்பட்டார். புரட்சியின் மிகக் கொந்தளிப்பான காலம் அது. பினெல் படித்தவர், மொழிபெயர்ப்பாளர், இதழாசிரியர். மனநோயில் ஏற்கெனவே நாட்டம் கொண்டவர். வந்த இடத்தில் ஏழெட்டு ஆண்டுகளாக அதே கூடத்தில் இருந்த ஒருவரைக் கண்டார். மருத்துவரின் அதிகாரத் தொனியை விட்டுவிட்டு அவரிடம் கற்றுக்கொள்ள முனைந்ததாகப் பினெல் வெளிப்படையாகவே சொல்கிறார். அந்தக் காலத்து மருத்துவர் ஒருவர் தோல் பதனிடும் தொழிலாளியைப் பற்றி இப்படி எழுதியது சாதாரணமல்ல.

1801-இல் வெளிவந்த பினெலின் மனநோய் நூலில் புஸ்ஸான் பலமுறை வருகிறார். அந்நூலின் அட்டவணை ஒன்று, 1784 முதல் 1792 வரை கூடத்தில் சேர்ந்தவர்களை வயதுவாரியாகக் காட்டுகிறது. இவை பினெல் வருவதற்கு முந்தைய ஆண்டுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். யார் எப்போது வந்தார், என்ன வயது, குணமானாரா, இறந்தாரா என்று கூடத்திலேயே எழுதி வைக்கப்பட்டதால்தான் அந்த அட்டவணை கைகூடியது. புரட்சிக்காலப் பஞ்சத்தில் ரொட்டியின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டபோது கூடத்தில் இறப்பு எப்படிப் பெருகியது என்பதையும் நூல் காட்டுகிறது. நோயாளரின் உயிரைப் பறித்தது பித்தம் அன்று, பசி என்பதை எண்ணிக்கையே சொல்லிற்று.

1797

பினெல் 1795 வசந்தத்தில் சால்பெத்ரியேருக்கு மாற்றலானார். அவர் பிசேத்ரில் இருந்த காலம் முழுவதும் அங்கே சங்கிலிகள் இருந்தன. அவர் போன பிறகு, புரட்சி நாட்காட்டியின் ஐந்தாம் ஆண்டு ப்ரேரியால் மாதத்தில், அதாவது 1797 மே இறுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதிக்குள், புஸ்ஸான் சங்கிலிகளை நீக்கினார். இதைத் தம் குறிப்புகளில் ஆரவாரமின்றி ஒரு வேலை முடிந்ததுபோல் எழுதுகிறார். சங்கிலிக்குப் பதில் நீண்ட கைகளை உடலோடு சேர்த்துக் கட்டிவிடும் கித்தான் சட்டை வந்தது. அதை அணிந்தவர் முற்றத்தில் நடமாடலாம். முன்பைவிட ஆபத்தானவராகவும் ஆகவில்லை என்பது அவர் கணிப்பு.

இந்தக் கொடிய வழக்கத்தின் முடிவைப் பிசேத்ரில் இருந்தபோதே காணக் கொடுத்து வைக்கவில்லையே என்று 1809-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பினெல் வருந்துகிறார். சங்கிலியை நீக்கியவர் புஸ்ஸான் என்றும் அங்கே குறிப்பிடுகிறார்.

ஐரோப்பாவில் இது முதல் முயற்சி அன்று. இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் வின்சென்சோ கியாருஜி என்ற மருத்துவர், சங்கிலியைத் தவிர்க்கும் விதிகளைப் பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்திருந்தார். இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் 1796-இல் திறந்த 'ரிட்ரீட்' இல்லமும் சங்கிலியின்றியே நடந்தது. பிசேத்ரின் தனித்தன்மை வேறு. பெருங்கூட்டமும் வறுமையும் நிறைந்த ஓர் அரசுக் கூடத்தில், மேலிருந்து வந்த ஆணையால் அல்லாமல், கூடத்தின் பணியாளர் முறையை முதலில் மாற்றிய ஒருவரால் அது நடந்தது. அடிப்பதை நிறுத்தியிராவிட்டால் சங்கிலியை நீக்கியிருக்க முடியாது.

அச்சம் என்னும் கருவி

புஸ்ஸானை முழுக்கக் கருணையின் உருவாக்கிக் காட்டுவது தவறாகும். பினெல் மெச்சி எழுதும் நிகழ்ச்சி ஒன்று இன்றைய வாசகரைத் துணுக்குறச் செய்யும். நரகத்துக்கு அஞ்சி, உண்ணாநோன்பால் பாவம் தீர்க்க நினைத்த ஒருவர் உணவை அறவே மறுத்தார். ஒரு மாலை புஸ்ஸான் அவருடைய அறை வாசலில் கண்கள் கனல, இடிக்குரலில் தோன்றினார். சூழ நின்ற பணியாட்கள் கனத்த சங்கிலிகளைக் குலுக்கினர். கஞ்சியை வைத்து, இரவுக்குள் குடிக்காவிட்டால் கடுந்தண்டனை என்று மிரட்டிச் சென்றனர். பட்டினிக்கும் மிரட்டலுக்கும் இடையே பல மணி நேரம் தத்தளித்தபின் அவர் குடித்தார், மெல்லத் தேறினார்.

உடலிலிருந்து கழற்றிய சங்கிலி ஓசையாகத் திரும்பி வந்த இடம் இது. 1961-இல் பித்தின் வரலாற்றை எழுதிய மிஷேல் ஃபூக்கோ, பினெல் காலத்துச் சீர்திருத்தத்தை இந்தக் கோணத்திலிருந்தே சாடினார்: சங்கிலி போன இடத்தில் ஓயாத கண்காணிப்பும் குற்றவுணர்வும் வந்தன என்றார். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அடிபட்டுச் சாவதற்கும் மிரட்டலுக்குப் பணிந்து கஞ்சி குடிப்பதற்கும் உள்ள தொலைவை அந்த விமரிசனம் குறைத்தே மதிப்பிடுகிறது.

கித்தான் சட்டையும் பாதுகாப்பானதாக நெடுநாள் கருதப்படவில்லை. இங்கிலாந்தின் லிங்கன் நகர மனநோயாளர் விடுதியில் 1829-இல் அத்தகைய சட்டையுடன் இரவில் கட்டிலோடு கட்டப்பட்ட நோயாளி ஒருவர், அருகில் ஆளின்றி விடப்பட்டு, காலையில் பிணமாகக் காணப்பட்டார். அதன்பின் கட்டப்பட்டவரின் அறையில் இரவு முழுதும் பணியாள் ஒருவர் இருக்க வேண்டும் என விதி செய்யப்பட்டது. கட்டினால் கூடவே விழித்திருக்க வேண்டும் என்று ஆனபோது, கட்டுவதே வேகமாகக் குறைந்தது. அங்கே 1830-களின் இறுதியில் ராபர்ட் கார்டினர் ஹில் கட்டுவதை முற்றாகக் கைவிட்டார். 1839-இல் ஜான் கொனோலி லண்டனுக்கு அருகிலுள்ள பெரிய ஹான்வெல் விடுதியில் அதைப் பின்பற்றினார். இரவுப்பணிக்கு ஆள் கூடுதலாக வேண்டும், அவர்கள் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்பதே இருவரின் நிபந்தனையும்.

சால்பெத்ரியேர்

சால்பெத்ரியேருக்குப் போன பினெல், புஸ்ஸான் இல்லாமல் தம் முறையை நடத்த இயலாது என்று உணர்ந்தார். அவரை மாற்றித் தரும்படி நிர்வாகத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். பல ஆண்டுகள் கழித்து 1802-இல்தான் அது நிறைவேறியது. புஸ்ஸானும் மார்கரீத்தும் பெண்கள் பிரிவின் பொறுப்பை ஏற்றனர். புஸ்ஸான் 1811-இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார்.

அவர் இறந்ததும் அந்த இடத்துக்கு வந்தவர் பினெலின் மாணவரான மருத்துவர் எஸ்கிரோல். ஒரு காப்பாளரின் பதவி மருத்துவரின் பதவியானது. நோயாளரோடு குடியிருந்து, அன்றாடம் முழுவதும் அறிந்த, தன் பெயரில் முடிவெடுத்த காப்பாளர் என்ற நிலை அத்துடன் முடிந்தது. பணியாளர் மருத்துவரின் ஆணைக்குக் கீழ்ப்பட்டவராகவே இனி வரலாற்றில் வருகிறார்.

ஓவியமும் கதையும்

பினெல் 1826-இல் காலமானார். அவருடைய மகன் சிப்பியோன் பினெல், தந்தை பிசேத்ரில் சங்கிலிகளை அறுத்த கதையை நாடகக் காட்சிபோல எழுதினார். அதில் புரட்சித் தலைவர்களுள் ஒருவரான கூத்தோன், பிசேத்ரைப் பார்க்க வந்து, இந்த விலங்குகளை அவிழ்த்துவிட நீயும் பித்தனா என்று பினெலிடம் கேட்கிறார். கூத்தோன் 1794 ஜூலையில் ரோபெஸ்பியேருடன் கில்லட்டினில் மாண்டவர். பிசேத்ரில் சங்கிலி நீங்கியது அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின். கதை நிலைத்துவிட்டது, தேதியை யாரும் சரிபார்க்கவில்லை.

ஓவியர்கள் மிச்சத்தைச் செய்தனர். சார்ல் முல்லர் 1849-இல் பிசேத்ர் காட்சியைத் தீட்டினார். டோனி ரொபேர்-ஃபிளரி 1876-இல் வரைந்த சால்பெத்ரியேர் ஓவியமே புகழ்பெற்றது. இன்று உளவியல் பாடநூல்களில் அச்சிடப்படுவது பெரும்பாலும் அதுதான். அதில் பினெல் கம்பீரமாக நின்று பார்க்கிறார். பெண்ணொருத்தி மண்டியிட்டு அவர் கையை முத்தமிடுகிறாள். நடுவில் நிற்கும் இளம்பெண்ணின் இடுப்புக் கட்டைக் குனிந்து கழற்றுபவர் பணியாள் ஒருவர். யார் கை வேலை செய்கிறது என்பதை ஓவியர் அறிந்தோ அறியாமலோ சரியாகவே வரைந்துவிட்டார். 1885-இல் சால்பெத்ரியேர் வாசலில் பினெலுக்குச் சிலை எழுப்பப்பட்டது.

இதே இரு மருத்துவமனைகளில்தான் 1878-இல் பாரிஸ் நகராட்சியின் செவிலியர் பள்ளிகள் தொடங்கின. மருத்துவர் புர்னவீல் முன்னின்று நடத்திய இப்பள்ளிகளுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வார்டுகளில் ஏற்கெனவே வேலை செய்த ஏழைப் பணியாட்கள். பலர் எழுத்தறிவு முதலே கற்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 1885-இல் மனநோயாளர் பணியாட்களுக்கான கையேடு வெளிவந்தது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து மக்லீன் மருத்துவமனை 1882-இல் மனநோயாளர் செவிலியருக்கெனப் பயிற்சிப் பள்ளி தொடங்கியிருந்தது.

கையெழுத்துப்படி

புஸ்ஸான் எழுதிய குறிப்புகள் பாரிசின் தேசிய ஆவணக் காப்பகத்தில் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தன. மருத்துவ வரலாற்றாசிரியர் டோரா வைனர் அவற்றைக் கண்டெடுத்து 1979-இல் அமெரிக்க உளமருத்துவ இதழில் வெளியிட்டார். 'பித்தர்கள் பற்றிக் குடிமகன் புஸ்ஸானின் அவதானிப்புகள்' என்ற பொருள்படும் தலைப்பு அதற்கு இருந்தது. சில பக்கங்களே கொண்ட அந்தப் படியில் கூடத்துக்கு வந்தவர்களின் கணக்கு, பணியாட்களின் எதிர்ப்பு, அடிக்கக் கூடாது என்ற விதி, ப்ரேரியால் மாதத்தில் சங்கிலி நீங்கியது ஆகியவை இடம்பெற்றுள்ளன.